பள்ளிச் செவிலியரும் பணியாளர் நலமும்

பள்ளிக்கூடம் என்றவுடன் மாணவரே நினைவுக்கு வருவர். அவர்களுக்காகவே கட்டடம் எழுகின்றது. அவர்களுக்காகவே மணி ஒலிக்கின்றது. அவர்தம் உடல்நலத்தைப் பேணுதற்கு மருத்துவ ஆய்வு உண்டு, தடுப்பூசி உண்டு, சில நாடுகளில் பள்ளியிலேயே இருந்து பணிபுரியும் செவிலியரும் உண்டு. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால், அதே கூரையின் கீழ் இருபது முப்பது ஆண்டுகள் நின்று பேசியும், பாரம் தூக்கியும், தரை துடைத்தும், உணவு சமைத்தும் உழைக்கின்ற பெரியவர்களின் உடல்நலம் யாருடைய பொறுப்பு? இவ்வினாவுக்குப் பெரும்பாலோர் தரும் விடை, அவரவர் உடல் அவரவர் பொறுப்பு என்பதே. அவ்விடை முழுதும் தவறன்று, ஆயினும் போதாது. அப்பொறுப்பில் பள்ளிச் செவிலியர்க்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கினை அவர் ஆற்றுதற்கு வேண்டிய நேரத்தைத் தருவது பள்ளி நிருவாகத்தின் கடமை. அமெரிக்க நாட்டுப் பள்ளிகளின் பட்டறிவு இதனை நன்கு விளக்கும்.

பழந்தமிழ் அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியைப் பேணி வளர்த்த தாய். பெற்ற தாய்க்கு அடுத்த நிலையில் நின்று, உடன் உறைந்து, முகக்குறிப்பாலேயே அகத்தை அறிபவள். இக்காலத்தில் நோயுற்றாரைப் பேணப் பயிற்சி பெற்றவரைச் செவிலியர் என்பர். பழைய பொருளும் புதிய பொருளும் மிகச் சேய்மையில் இல்லை. பள்ளிச் செவிலியரிடத்தில் அவை ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் தனிச் செவிலியரைக் காண்பது அரிது. ஆதலின், அப்பணி தோன்றிய வரலாற்றை முதலில் அறிதல் நலம்.

நியூயார்க் நகரில் குடியேறிய ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், லிலியன் வால்டு என்னும் அம்மையார் ஹென்றித் தெருவில் ஒரு தொண்டு நிலையம் அமைத்துச் செவிலியர் பலரைக் கொண்டு வீடுதோறும் பணியாற்றி வந்தார். அந்நாளில் அந்நகரப் பள்ளிகளுக்கு மருத்துவர் வந்து மாணவரைப் பார்வையிடுவர். கண்ணோய், சிரங்கு, படர்தாமரை, தலைப்பேன் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டால், அம்மாணவன் வீட்டுக்கு அனுப்பப்படுவான். அனுப்பியதோடு மருத்துவர் வேலை முடிந்தது. வீட்டிலோ மருந்து இல்லை. மருந்திட அறிந்தாரும் இல்லை. பிள்ளை தெருவில் திரிந்து, அதே நோயைத் தன் தோழர்க்கு மாலையில் பகிர்ந்தளித்து வந்தான். இந்நிலையைக் கண்ட வால்டு அம்மையார், தம் நிலையத்தைச் சேர்ந்த லினா ராஜர்ஸ் என்னும் செவிலியரை 1902-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஒரு மாதச் சோதனையாக, நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். ராஜர்ஸ் அம்மையார் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். பிள்ளைகளின் வீடுகளுக்கு நடந்தே சென்று தாய்மார்க்கு முறைகளைக் கற்பித்தார். சோதனை வெற்றி பெற்றது. நகராட்சி மேலும் பல செவிலியரை அமர்த்தியது. 1902 செப்டம்பரில் நோயின் காரணமாகப் பள்ளியினின்று விலக்கப்பட்டோர் 10,567 பேர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் அத்தொகை 1,101 ஆகக் குறைந்தது.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. மருத்துவர் நோயைக் கண்டார். செவிலியரோ நோய்க்கும் மருந்துக்கும் இடையே இருந்த தொலைவைக் கண்டார். அறிவுரை கூறுவார் பலர் இருந்தும், அதனைக் கேட்பவன் கைக்கெட்டும் இடத்தில் ஒருவர் இல்லாமையே குறையாக இருந்தது. மாணவரைப் பொறுத்து 1902-இல் உணரப்பட்ட இவ்வுண்மை, பணியாளரைப் பொறுத்து உணரப்பட நெடுங்காலம் ஆயிற்று. 1987-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இருவர் பள்ளி நலத்துக்கு எட்டு உறுப்புகள் வேண்டும் என வகுத்தபோது, பணியாளர் நலத்தை அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தனர். 2014-இல் அத்திட்டம் பத்து உறுப்புகளாக விரிந்தபோதும் அதற்கு இடம் இருந்தது. எனினும், ஏட்டில் இடம் பெற்றது எல்லாப் பள்ளியிலும் இடம் பெற்றுவிடவில்லை.

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது நாற்பத்தெட்டு. இடைவேளையில் செவிலியர் அறைக்கு வந்து, தலைவலிக்கு ஒரு மாத்திரை கேட்கின்றார். செவிலியர் உடனே மாத்திரையை எடுத்து நீட்டிவிடவில்லை. நாற்காலியில் ஐந்து மணித்துளி பேசாமல் அமர்ந்திருக்கச் செய்கின்றார். கால்கள் தரையில் படிய, கை நெஞ்சின் மட்டத்தில் இருக்க, பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளக்கின்றார். மேல் அளவு 168. கீழ் அளவு 102. ஆசிரியர் வியப்படைகின்றார். தமக்கு எந்நோயும் இல்லை என்றே அவர் நம்பியிருந்தார். அத்தலைவலி வேறு காரணத்தால் வந்ததாகவும் இருக்கலாம். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் எந்த வலியும் காட்டாது. காட்டாமலே இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் நுண்ணிய குழாய்களையும் ஆண்டுக்கணக்கில் நலிவிக்கும். 130-க்கு 80 என்ற அளவை எட்டினாலே அதனை உயர்வெனக் கருதவேண்டும் என அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் 2017-இல் வரையறுத்தன. செவிலியர் அவரை அச்சுறுத்தவில்லை. ஒருமுறை அளந்ததைக் கொண்டு முடிவு கூறவுமில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வரச் சொல்லி, மூன்று நாள் அளவையும் ஒரு தாளில் குறித்து, மருத்துவரிடம் அனுப்புகின்றார்.

இதனை மருத்துவரே கண்டிருக்கலாகாதா எனின், கண்டிருக்கலாம். ஆசிரியர் மருத்துவரிடம் சென்றிருந்தால். அவர் செல்லார். மருத்துவர் இருக்கும் வேளையில் ஆசிரியர் வகுப்பில் இருக்கின்றார். ஒருநாள் விடுப்பு எடுப்பதாயின், தமக்கு மாற்றாக வருபவர்க்கு அன்றைய பாடங்களையெல்லாம் எழுதி வைத்துச் செல்லவேண்டும். அவ்வேலையைக் காட்டிலும் நோயோடு வந்து பாடம் நடத்துவதே எளிது எனப் பல ஆசிரியர் கருதுவர். இது சோம்பலன்று, கடமையுணர்ச்சியே அவர்களைத் தடுக்கின்றது. செவிலியர் அறையோ நாற்பது அடி தொலைவில் இருக்கின்றது.

ஆசிரியர்க்கே உரிய நோய் என ஒன்றைச் சொல்வதாயின், அது குரலைப் பற்றியது. தச்சனுக்கு உளி எப்படியோ ஆசிரியர்க்குக் குரல் அப்படி. உளி மழுங்கினால் தச்சன் தீட்டிக்கொள்வான். குரல் கெட்டால் ஆசிரியர் இன்னும் உரக்கப் பேசுவார். பேசும்போது தொண்டையிலுள்ள குரல் மடிப்புகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. பெண்களின் குரலில் இவ்வதிர்ச்சி நொடிக்கு ஏறத்தாழ இருநூறு முறை நிகழ்கின்றது. ஒரு மணிநேரம் இடையறாது ஒலித்தால் ஏழு இலட்சத்து இருபதாயிரம் மோதல்! கையைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளங்கை சிவந்து தடிப்பதுபோல அம்மடிப்புகளும் தடிக்கின்றன. சிறு முடிச்சுகளும் தோன்றுகின்றன. சுற்றிலும் ஓசை மிகுந்தால் பேசுவோர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரான்சு நாட்டு மருத்துவர் லொம்பார்டு 1911-இல் எடுத்துக்காட்டினார். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது நாள்தோறும் நிகழ்வது. அமெரிக்காவில் அயோவா, யூட்டா ஆகிய இரு மாநிலங்களில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட ஆசிரியரையும், ஏறக்குறைய அதே தொகையினரான பிற தொழிலாளரையும் வினவி, 2004-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. வினவிய காலத்தில் குரற்கேடு உடையவராக இருந்தோர் ஆசிரியருள் நூற்றுக்குப் பதினொருவர். ஏனையோருள் நூற்றுக்கு ஆறு பேர் அளவே.

இங்குச் செவிலியர் செய்யத்தக்கது மிகுதி. செலவோ மிகக் குறைவு. வகுப்பை அமைதிப்படுத்தக் குரலைப் பயன்படுத்தாமல் சிறு மணியையோ கைக்குறியையோ பயன்படுத்துமாறு கூறலாம். மேசைமேல் தண்ணீர் வைத்து அடிக்கடி பருகச் சொல்லலாம். ஓயாமல் தொண்டையைக் கனைப்பது குரல் மடிப்புகளை மேலும் புண்படுத்தும் என அறிவுறுத்தலாம். பெரிய வகுப்பறைக்கு ஒலிபெருக்கி வேண்டும் என நிருவாகத்திடம் எழுதிக் கேட்கலாம். நான்கு வாரத்துக்கு மேலும் குரல் கம்மியே இருப்பின், தொண்டை மருத்துவரிடம் சென்றே ஆகவேண்டும் என வற்புறுத்தலாம். நெடுநாள் மாறாத கம்மல் சில வேளைகளில் கொடிய நோயின் அறிகுறியாகவும் இருக்கும். ஆசிரியரோ அதனைத் தொழிலின் இயல்பு எனக் கொண்டு வாளா இருந்துவிடுவர்.

செவிலியர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய பணி ஒன்றும் உண்டு. பள்ளியில் எந்த வகுப்பில் எந்த நோய் தோன்றியிருக்கின்றது என்பது அவருக்கே முதலில் தெரியும். இதன் அருமை கருவுற்றிருக்கும் ஆசிரியையின் திறத்தில் விளங்கும். ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை பிள்ளைகளுக்கு வந்தால் சில நாள் காய்ச்சலும் தடிப்பும் தந்து போய்விடும். கருவுற்ற தொடக்கத் திங்கள்களில் தாய்க்கு வந்தாலோ, பிறக்கும் குழவிக்குக் கண்ணும் செவியும் இதயமும் கெடும். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழவிகள் பலரைக் கண்டு, அவர்தம் தாய்மார் கருவுற்றபோது இந்நோய் கொண்டிருந்தனர் என 1941-இல் வெளிப்படுத்தினார். 1964, 1965-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்நோய் பரவியபோது, ஏறத்தாழ இருபதாயிரம் குழவிகள் இக்கேடுகளோடு பிறந்தன. 1969-இல் தடுப்பூசி வந்தபின் அந்நாட்டில் அது அடங்கியது.

ஆயினும், கன்னம் சிவந்து காணும் வேறொரு தொற்றுநோய் இன்றும் பள்ளிகளில் உலவுகின்றது. பார்வோ வைரசால் வரும் அந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. கருவுற்றவர்க்கு அது வந்தால், சில வேளைகளில் கருவிலுள்ள குழவிக்குக் கடுமையான சோகை உண்டாகும். கன்னம் சிவக்குமுன்பே அது பிறரைத் தொற்றிவிடும். சிவந்தபின் எச்சரிப்பதால் பெரும்பயன் இல்லை. ஆதலின், கருவுற்றிருக்கும் ஆசிரியைக்கு முன்னரே நோயெதிர்ப்பு உண்டா என இரத்த ஆய்வினால் அறிந்துகொள்ளச் செய்தல் வேண்டும். வளர்ந்தோருள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு அவ்வெதிர்ப்பு இருக்கும். அவர் அஞ்ச வேண்டியதில்லை. இல்லாதவர் தம் மருத்துவரைக் கலந்து நடந்துகொள்ளலாம். இத்தனையும் செய்யும்போது நோயுற்ற பிள்ளையின் பெயரைச் செவிலியர் வெளியிடுவதில்லை. எந்த வகுப்பு என்பதைக்கூடத் தேவையின்றிக் கூறுவதில்லை.

பணியாளர் என்றால் ஆசிரியர் மட்டுமல்லர். தரையைத் துடைப்பவர், உணவுக்கூடத்தில் சமைப்பவர், பேருந்து ஓட்டுபவர் ஆகியோர் இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும் மறக்கப்படுகின்றனர். வெளுப்புக் காரத்தையும் அமோனியா கலந்த துப்புரவு நீரையும் ஒரே வாளியில் ஊற்றினால் நச்சுப்புகை எழும். கழிப்பறையை இன்னும் தூய்மையாக்க எண்ணி அவ்வாறு கலந்து, நுரையீரல் எரிந்து துன்புற்றோர் உண்டு. அக்குப்பிகளின் மேலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆசிரியர் ஓய்வறையில் மாலை மூன்று மணிக்கு நடைபெறும் நலவுரையால், அப்போது பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பவர்க்கு என்ன பயன்? செவிலியர் உண்மையில் எல்லார்க்கும் உரியவர் என்றால், தம் அளவுப்பட்டையைத் தூக்கிக்கொண்டு உணவுக்கூடத்துக்கும் பேருந்து நிற்குமிடத்துக்கும் செல்லுதல் வேண்டும். நெஞ்சுத்துடிப்பு திடீரென நின்றவர்க்கு மார்பை அழுத்தும் முதலுதவியையும், மின் அதிர்வுக் கருவியைப் பயன்படுத்தும் முறையையும் இவர்களுக்கும் கற்பித்தல் வேண்டும். உதவி தாமதிக்கும் ஒவ்வொரு மணித்துளியிலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகின்றது. அருகில் இருப்பவர் சமையற்காரராயின், அவரே மருத்துவர்.

இவற்றையெல்லாம் கேட்டபின், அமெரிக்கச் செவிலியர் ஒருவர் கசப்போடு நகைக்கவும் கூடும். அவர்க்கு நேரம் ஏது? 2018-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அந்நாட்டுப் பள்ளிகளில் முழுநேரச் செவிலியர் உள்ளவை நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பள்ளிகளில் சம்பளம் பெறும் செவிலியரே இல்லை. காலையில் ஒரு பள்ளி, நண்பகலில் மற்றொரு பள்ளி என ஓடுபவர் பலர். நீரிழிவுள்ள சிறுவனுக்கு இன்சுலின் அளந்து தருவதும், மூச்சுத்திணறும் சிறுமியைக் காப்பதும் அவர்தம் முதற்கடன். காய்ச்சலுற்ற பிள்ளையும் தலைவலியுள்ள ஆசிரியரும் ஒருங்கே வந்தால், பிள்ளையே முதலில் கவனிக்கப்படும். ஆசிரியரும் அதனையே விரும்புவார். இத்தடை உண்மையானது. ஆனால், அது செவிலியர் குறைவாக இருப்பதைக் காட்டுகின்றதே அன்றி, பணி வேண்டா என்பதைக் காட்டவில்லை. திங்களுக்கு ஓரிரு நாள் மாலையை இதற்கென ஒதுக்கினாலே பெரும்பகுதி நிறைவேறும். அந்த மாலைகளையும் செவிலியரின் இலவசத் தொண்டாகக் கருதாமல், சம்பளமுள்ள வேலைநேரமாக எண்ணுதல் முறை.

இரண்டாம் தடை இதனினும் நுட்பமானது. ஆசிரியர் தம் நோயைச் செவிலியரிடம் கூறினால், அது தலைமையாசிரியர் செவிக்கு எட்டாது என்பதற்கு என்ன உறுதி? வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அஞ்சுபவர் வாய் திறவார். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய ஊனமுற்றோர் சட்டம், வேலை தருவோர் பணியாளரிடம் பெறும் மருத்துவச் செய்திகளைத் தனி ஏட்டில் மறைவாக வைக்கக் கட்டளையிடுகின்றது. சட்டம் வேலி, வேலிக்குள் காவல் செவிலியருடையது. நீரிழிவுள்ளவர் யார் யார் எனத் தலைமையாசிரியர் கேட்டால், அவர் பெயர் கூறலாகாது. பன்னிரண்டே பணியாளர் உள்ள சிறு பள்ளியில் தொகையைக் கூறினாலும் ஆளைக் கூறியதாகிவிடும். அங்கே தொகையையும் கூறாமை நன்று. ஒருமுறை ஒரு செய்தி கசிந்தால், பிறகு அந்த அறைக்கு எவரும் வாரார்.

பணியாளர் நலம் என்ற பெயரில் நடைபெறும் எல்லாம் போற்றத்தக்கவை அல்ல. எடை குறைப்பதில் போட்டி வைத்து, வென்றவர்க்குப் பரிசும், தோற்றவர்க்கு எல்லார் முன்னும் நாணமும் தரும் வழக்கம் சில பள்ளிகளிலும் புகுந்துள்ளது. பருமனான உடலுடைய ஆசிரியை ஒருவர் தம் எடையைச் சுவரில் ஒட்டிய தாளில் காண நேர்வது நலப்பணியா? பணியாளரின் மருத்துவக் காப்பீட்டுச் செலவைக் குறைக்கும் ஆசையே இத்தகைய திட்டங்கள் பலவற்றின் வேர். அந்த ஆசையும் நிறைவேறுவது ஐயமே. ஒரு பெருவணிக நிறுவனத்தின் 160 கிளைகளுள் சிலவற்றில் நலத்திட்டத்தை நடத்தி, ஏனையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. சில நற்பழக்கங்கள் வளர்ந்தன எனப் பணியாளர் கூறினர். ஆனால், பதினெட்டுத் திங்களுக்குப் பின்னும் இரத்த அழுத்தம், எடை போன்ற அளவுகளிலோ மருத்துவச் செலவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவை கடைகள், பள்ளிகள் அல்ல. எனினும், வெளியிலிருந்து வரும் திட்டமும் துண்டறிக்கையும் தாமே நோயைத் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அவ்வாய்வு ஓர் எச்சரிக்கை. செவிலியரின் வலிமை திட்டத்தில் இல்லை. மூன்று நாள் கழித்து அந்தக் கணித ஆசிரியரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, மருத்துவரிடம் சென்றீர்களா என அவர் தாழ்ந்த குரலில் கேட்கிறாரே, அதில் இருக்கின்றது.

செவிலியரால் இயலாத செயல்களும் உண்டு. தண்ணீர் பருகுக என அவர் கூறுகின்றார். பருகியவர் கழிப்பறைக்குச் செல்ல வேண்டாவா? சிறு பிள்ளைகள் நிறைந்த வகுப்பைத் தனியே விட்டுச் செல்லலாகாது என்பது விதி. ஆகவே, காலை முதல் நண்பகல் வரை ஆசிரியை நீரும் பருகுவதில்லை, சிறுநீரையும் அடக்குகின்றார். இதற்கு மருந்து குப்பியில் இல்லை. கால அட்டவணையில் இருக்கின்றது. இடையே ஐந்து மணித்துளி வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்படுத்துவது தலைமையாசிரியர் கையில் உள்ளது. இதனை அவரிடம் எடுத்துரைக்க ஆசிரியைக்குக் கூச்சம். செவிலியர்க்குக் கூச்சம் இல்லை. எவர் பெயரும் கூறாமல், பள்ளியின் நலக்குறை என அவர் எடுத்துரைக்கலாம். கேட்கும் செவி தலைமையாசிரியர்க்கு இல்லையாயின், செவிலியரின் அறிவுரைகளுள் பாதி வீணே.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது, அமெரிக்கப் பள்ளிச் செவிலியரின் பணி ஒருநாளில் மாறியது. எந்தப் பணியாளர் நோயுற்றார், அவரோடு பழகினோர் யாவர், எவர் எத்தனை நாள் ஒதுங்கியிருத்தல் வேண்டும் என ஆராய்ந்து தொலைபேசியில் கூறும் வேலை பல இடங்களில் அவர்மேல் வந்தது. நன்றியோடு கேட்டோரும் உண்டு; சினந்து பேசினோரும் உண்டு. இரவிலும் அழைப்புகள் வந்தன. பள்ளியின் பெரியவர் அனைவர்க்கும் செவிலியர் தேவை என்பதை அதற்குமுன் ஐயுற்றோர் அப்போது ஐயுறவில்லை. ஆனால், அச்செவிலியரின் உறக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் வினவியவர் சிலரே. பல பள்ளிகளில் செவிலியர் ஒருவரே இருப்பார். தம் கையில் தாமே பட்டையைச் சுற்றி அளந்துகொள்வார், அதற்கும் நேரம் வாய்த்தால். அண்டைப் பள்ளிச் செவிலியர் இருவர் திங்களுக்கு ஒருமுறை சந்தித்து, ஒருவர்க்கொருவர் அளந்து குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரு மாலைப்பொழுதும், அதற்கு நிருவாகத்தின் இசைவும் போதும்.